"சித்தி, இந்த டாங்கி எந்தப் போர்ல ஜெயிச்சுது?"

அக்கா பையன் ஏழாம் வகுப்பு படிக்கிறான். லீவுக்கு வீட்டுக்கு வந்தால் என் போன் எனக்கில்லை. போன முறை வந்தபோது 'வேர்ல்ட் ஆஃப் டாங்க்ஸ்' விளையாடிக்கொண்டே, "மவுஸ்தான் சித்தி கெத்து. எத்தனை குண்டு வாங்கினாலும் அசையாது" என்றான். கம்ப்யூட்டர் மவுஸைச் சொல்கிறான் என்று நினைத்து, "ஏன், ரிப்பேரா?" என்று கேட்டேன். அன்று முழுக்க அதைச் சொல்லிச் சொல்லியே சிரித்தான்.

அவன் சொன்னது இரண்டாம் உலகப் போர் காலத்து ஜெர்மன் டாங்கி. எடை 188 டன். ஒரு யானைக்கு 4 டன் என்று வைத்துக்கொண்டால், 47 யானைகள். இத்தனை பெரிய வண்டிக்கு அவர்கள் வைத்த பெயர் 'மவுஸ்'. ஜெர்மன் மொழியில் எலி!

"இது எந்தப் போர்ல ஜெயிச்சுது?" என்று கேட்டான். டிஜிட்டல் டெஸ்க்கில் உட்கார்ந்திருப்பவளுக்குத் தேடுவதற்கா சொல்லித்தர வேண்டும்? பத்து நிமிடத்தில் பதில் கிடைத்தது. ஒன்றிலும் இல்லை. ஜெயிக்கவும் இல்லை, தோற்கவும் இல்லை. மொத்தம் இரண்டே இரண்டு வண்டிகள்தான் ஓடும் அளவுக்குத் தயாராகின. பையன் முகம் தொங்கிவிட்டது. கேமில் அத்தனை பேரை அடித்து நொறுக்கும் ஹீரோ, நிஜத்தில் சோதனை மைதானத்தைத் தாண்டவில்லை என்றால் யாருக்குத்தான் வருத்தமாக இருக்காது?

அந்த வருத்தத்தைப் போக்கத்தான் ஒரு மாடல் கிட் வாங்கினேன். அக்காவிடம் விலையைப் பாதியாகக் குறைத்துச் சொன்னேன். அக்கா, இதைப் படித்தால் மன்னித்துவிடு.

பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டி, பெயின்ட் அடித்து, விமானம், கப்பல், டாங்கி என்று செய்யும் இந்த ஹாபிக்கு உலகம் முழுக்க ரசிகர்கள் உண்டு. அதில் தனியாக ஒரு கூட்டம் இருக்கிறது. போருக்குப் போன டாங்கிகளைவிட, சோதனைக்காக ஒன்றிரண்டு மட்டும் செய்து கைவிடப்பட்ட டாங்கிகள் மேல்தான் அவர்களுக்குக் காதல். முன்பு இப்படிப்பட்டவற்றுக்குக் கிட் கிடைப்பதே அபூர்வம். இப்போது டிராகன், தாகோம், மெங், அம்யூசிங் ஹாபி என்று பல நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு போடுகின்றன.

டாங்கி மாடல்களில் பிரபலமான அளவு 1/35. அதாவது நிஜத்தில் 35 சென்டிமீட்டர் என்றால் மாடலில் 1 சென்டிமீட்டர். 30, 40 என்று இல்லாமல் இதென்ன 35? 1961-ல் ஜப்பானின் தமியா நிறுவனம் மோட்டார் வைத்து ஓடும் 'பேந்தர்' டாங்கி பொம்மையைக் கொண்டுவந்தது. பேட்டரியும் மோட்டாரும் உள்ளே அடங்க வேண்டும் என்று பார்த்து உடலின் அளவை வைத்தார்கள். அது கிட்டத்தட்ட 1/35 ஆக அமைந்துவிட்டது. பேட்டரி வைக்க இடம் பார்த்ததில் வந்த கணக்கைத்தான் இன்றுவரை உலகமே பிடித்துக்கொண்டிருக்கிறது.

நாங்கள் வாங்கியது அதைவிடச் சின்னது, 1/72. 10 மீட்டருக்கு மேல் நீளமான மவுஸ் அதில் 14 சென்டிமீட்டர்தான் வரும். இதைப் படித்துக்கொண்டிருக்கும் உங்கள் போனைவிடக் கொஞ்சம் சின்னது.

ஒட்டும் வேலை நான் நினைத்த மாதிரி இல்லை. இதற்கென்று தண்ணீர் மாதிரி ஒரு பசை வருகிறது. அது பிளாஸ்டிக்கை லேசாகக் கரைத்து இரண்டு பாகத்தையும் ஒன்றாக்கிவிடும். தப்பான இடத்தில் வைத்தால் பிரிப்பது கஷ்டம். வாசனை தலையைப் பிடிக்கும், அதனால் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டுதான் வேலை பார்க்க வேண்டும். பாகங்களை வெட்டும் கத்தி எப்போதும் என் கையில், பெயின்ட் பிரஷ் அவன் கையில் என்று ஒப்பந்தம். முதல் நாள் அவசரப்பட்டு சூப்பர் குளூவைத் தொட்டேன். ஒட்டிய இடமெல்லாம் வெள்ளையாகப் பூத்துவிட்டது. "நீ டைப் மட்டும் பண்ணு சித்தி" என்றான்.

சின்னச் சின்னச் சக்கரங்களுக்கெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து பெயின்ட் அடித்தோம். பிறகுதான் பக்கவாட்டுத் தகட்டை ஒட்டினோம். ஒரு சக்கரம்கூட வெளியே தெரியவில்லை. நிஜ வண்டியும் அப்படித்தானாம். முன்பே பார்த்திருக்கலாம்.

அவன் வண்டியைத் தலைகீழாகத் திருப்பியபோதுதான் இந்தக் கதையே ஆரம்பித்தது. "அடியில முழுக்க செயினாவே இருக்கு!"

உண்மைதான். மவுஸ் 3.7 மீட்டர் அகலம். அதில் இரண்டு பக்கத்துச் செயினும் சேர்ந்தே 2.2 மீட்டர். பாதிக்கு மேல் செயின். ஏன் இப்படி?

இட்லியை வைத்துத்தான் அவனுக்கு விளக்கினேன். ஒரு இட்லியை நீளம், அகலம், உயரம் மூன்றிலும் இரண்டு மடங்காக்கினால் மாவு எட்டு மடங்கு வேண்டும். ஆனால் அது தட்டில் உட்காரும் இடம் நாலு மடங்குதான் கூடும். அதாவது எடை ஏறும் வேகத்துக்கு, அதைத் தாங்கும் இடம் ஏறாது. இதையே டாங்கிக்குப் போட்டுப் பாருங்கள். மவுஸை அதே இரும்பில், உள்ளே உள்ள எல்லாவற்றோடும் 1/72 அளவில் செய்தால் எடை எவ்வளவு வரும்? கால்குலேட்டரில் 72-ஐ மூன்று முறை பெருக்கி, 188 டன்னை அதால் வகுத்தோம். அரை கிலோ. ஒரு பாக்கெட் பால்! அந்தக் குட்டி வண்டி தரையை அழுத்துவதைப்போல 72 மடங்கு அழுத்தத்தை நிஜ வண்டி தரைக்குக் கொடுக்கும். மேஜையில் ஜம்மென்று நிற்பது மண்ணில் புதைவது அதனால்தான். அத்தனை அகலமான செயின் இருந்தும், சோதனையின்போது மவுஸ் சேற்றில் மாட்டிக்கொண்டு நிற்கும் கறுப்பு வெள்ளை போட்டோ இருக்கிறது. அதைக் காட்டியதும் பையன் ரொம்ப நேரம் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தான்.

மாடலைப் பார்த்து ஏமாந்தது நாங்கள் மட்டுமில்லை. ஒரு சக்கரவர்த்தியே ஏமாந்த கதை உண்டு.

முதல் உலகப் போர் சமயம். ரஷ்யாவில் லெபெடெங்கோ என்பவர் ஒரு பிரம்மாண்டப் போர் வண்டிக்கு யோசனை வைத்திருந்தார். முன்னால் சைக்கிள் சக்கரம் மாதிரி கம்பிகள் வைத்த இரண்டு ராட்சசச் சக்கரங்கள், ஒவ்வொன்றும் 9 மீட்டர் விட்டம். மூணு மாடி உயரம்! பின்னால் சின்னதாக ஒரு உருளை. இதை மரத்தில் பொம்மையாகச் செய்து, கிராமபோன் ஸ்பிரிங்கைப் பொருத்தி, ஜார் மன்னர் இரண்டாம் நிக்கோலஸிடம் கொண்டுபோனார். மன்னர் தரையில் உட்கார்ந்து சாவி கொடுத்து விளையாடினார், வழியில் தடையாகத் தடித்தடியான சட்டப் புத்தகங்களை வைத்தார், பொம்மை அத்தனையையும் ஏறித் தாண்டியது என்று சொல்வார்கள். நிஜ வண்டி செய்ய அனுமதியும் பணமும் கிடைத்தன.

1915-ல் மாஸ்கோவுக்கு வடக்கே ஒரு காட்டுப்பகுதியில் சோதனை ஓட்டம். வண்டி கொஞ்ச தூரம் போனது. பின்னால் இருந்த உருளை இளகிய மண்ணில் இறங்கியது. அவ்வளவுதான், எடுக்க முடியவில்லை. பல வருடங்கள் அங்கேயே நின்று, 1923-ல் பழைய இரும்பாகப் பிரிக்கப்பட்டது.

மவுஸுக்கும் இப்படி ஒரு மாடல் கட்டம் உண்டு. 1943 மே மாதம் ஹிட்லருக்குக் காட்டப்பட்டது மரத்தில் செய்த முழு அளவு மாதிரி. அளவு சரி, மரத்துக்கு 188 டன் எடை எங்கிருந்து வரும்?

எடை எல்லா இடத்திலும் காலை வாரியது. பாலத்தில் ஏற்றினால் பாலம் தாங்காது. அதனால் ஆற்றின் அடியில் இறங்கிப் போகலாம் என்று திட்டம் போட்டார்கள். மவுஸில் எஞ்சின் நேராகச் செயினைச் சுற்றாது. எஞ்சின் ஜெனரேட்டரை ஓட்டும், அந்தக் கரண்டில் மோட்டார்கள் செயினைச் சுற்றும். ஆக, ஒரு மவுஸ் கரையில் நின்று கேபிள் வழியாகக் கரண்ட் கொடுக்க, இன்னொன்று தண்ணீருக்குள் நடந்து அக்கரை ஏற வேண்டும். பிறகு அது கரண்ட் கொடுக்க, இது ஏறும். படிக்க அருமையாக இருக்கிறது. போர் நடக்கும் இடத்தில் இதைச் செய்வதை யோசித்துப் பாருங்கள்!

பெயின்ட் கட்டம் வந்தபோது வேறு பிரச்னை. பாக்ஸில் ஜெர்மன் ராணுவச் சின்னங்களின் ஸ்டிக்கர் இருந்தது. "பெர்லின்ல ஜெயிச்ச மாதிரி கொடியெல்லாம் வெச்சு ஒரு சீன் பண்ணலாம் சித்தி" என்றான். 'நடந்திருந்தால்' என்று கற்பனை செய்து இப்படிக் காட்சி அமைப்பது இந்த ஹாபியில் சகஜம். திறமையாகவும் செய்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஜெயித்திருந்தால் யார் ஜெயித்திருப்பார்கள் என்பதை 12 வயதுப் பையனிடம் எப்படியாவது சொல்லித்தானே ஆக வேண்டும்? மவுஸின் கனத்த உடலைச் செய்தது குருப் நிறுவனம். போரின்போது கைதிகளையும் பிற நாட்டு மக்களையும் பிடித்துவந்து அடிமைகளாக வேலை வாங்கியதற்காக, அதன் தலைவர்கள் போருக்குப் பிறகு நூரம்பெர்க்கில் தண்டிக்கப்பட்டார்கள். ஜெர்மனியில் இன்று நாஜிச் சின்னங்களைப் பொதுவில் காட்டுவது சட்டப்படி குற்றம். மாடல் பாக்ஸ் படங்களில்கூட ஸ்வஸ்திகாவை விட்டுவிட்டு அச்சடிப்பதைப் பார்க்கலாம்.

எவ்வளவு சொன்னேன், எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அப்போ சேத்துல மாட்டிக்கிட்ட சீன் பண்ணலாமா?" என்று கேட்டான். அதைத்தான் செய்தோம். பசையில் கலந்த தோட்டத்து மண், டீ வடிகட்டிய சக்கை, கொஞ்சம் பிரவுன் பெயின்ட். பிரமாதமான சேறு. அக்காதான் டீத்தூள் டப்பா காலியானதைப் பார்த்துக் கத்தினாள்.

இப்போது மவுஸ் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். 1945-ல் சோவியத் படை நெருங்கியபோது இரண்டாவது வண்டியை ஜெர்மானியர்களே வெடி வைத்துத் தகர்த்தார்கள். அதன் மேல்பகுதி, அதாவது பீரங்கி சுழலும் டரெட், தப்பித்தது. முதல் வண்டிக்கு உடல் இருந்தது, உண்மையான டரெட் இல்லை. சோவியத்காரர்கள் இதன் உடலில் அதன் தலையைப் பொருத்தி எடுத்துப்போனார்கள். மாஸ்கோ அருகே குபின்காவில் உள்ள மியூசியத்தில் இன்று இருப்பது அந்த ஒட்டு வண்டிதான். மாடல் செய்பவர்கள் இரண்டு கிட்டிலிருந்து பாகம் எடுத்து ஒன்றாக்குவதை 'கிட் பேஷ்' என்பார்கள். உலகில் மிஞ்சியிருக்கும் ஒரே நிஜ மவுஸே ஒரு கிட் பேஷ்!

அமெரிக்காவின் டி28 கதை இன்னும் வேடிக்கை. 86 டன், நாலு செயின், டரெட் கிடையாது. இரண்டு செய்தார்கள். சோதனையில் ஒன்று எரிந்துபோனது. இன்னொன்று காணாமல் போனது. ஆமாம், 86 டன் வண்டி! 1974-ல் வர்ஜீனியாவில் ஒரு ராணுவ முகாமின் புதருக்குள் அது நின்றுகொண்டிருந்ததைக் கண்டுபிடித்தார்கள். என் ஹெட்போன் தொலைந்தால் இனி நான் வருத்தப்படப் போவதில்லை.

அந்த ஒட்டு மவுஸைப் பற்றிச் சொன்னதும் பையன் கேட்டது, "நம்ம ஊர்ல இப்படி ஏதாவது இருக்கா?" இருக்கிறது. சென்னை ஆவடியில் உள்ள போர் வாகன ஆராய்ச்சி நிறுவனத்தில்தான் அர்ஜுன் டாங்கி வடிவமைக்கப்பட்டது. அங்கே உருவான இன்னொரு சோதனை வண்டி 'டேங்க்-எக்ஸ்'. ரஷ்ய வடிவமைப்பான டி-72 டாங்கியின் உடலில் அர்ஜுனின் டரெட்டைப் பொருத்திப் பார்த்தார்கள். ராணுவம் அதை ஏற்கவில்லை. அதோடு நின்றது.

இதைச் சொன்ன மறுநிமிடமே பழைய செருப்பு டப்பாவைக் கிழித்து டரெட் வெட்ட ஆரம்பித்துவிட்டான். டி-72-க்கு கிட் கிடைக்கும், உடல் பிரச்னையில்லை. டரெட்டை நாமே பிளாஸ்டிக் ஷீட்டில் வெட்ட வேண்டும், அதற்கு அளவு வேண்டும். போட்டோவில் சக்கரத்தின் விட்டத்தை வைத்து மற்ற அளவுகளைக் கணக்குப் போடலாம் என்று அவனே எங்கோ படித்து வைத்திருக்கிறான். நேற்று ராத்திரி போனில் ஸ்கேலை வைத்து அளந்துகொண்டிருந்தான். கேம் திறக்கவில்லை. "ஒரு மில்லிமீட்டர் இடிக்குது சித்தி" என்றான். அரை ஆண்டு லீவுக்குள் முடித்தால் போட்டோ போடுகிறேன்.