‘சில்’ என்று சொல்லாதீர்கள்

மாஸிவ் அட்டாக்கின் ‘மெஸ்ஸனைன்’ ஆல்பத்தை ‘வேலை பார்க்கும்போது கேட்க நல்ல சில் மியூசிக்’ என்று யாராவது சிபாரிசு செய்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நான் இருக்கும் மென்பொருள் துறையில் இதைச் சொல்லாதவர்கள் குறைவு. ஹெட்போனை மாட்டு, ‘ஃபோகஸ்’ பிளேலிஸ்ட்டைப் போடு, கோடிங்கை ஆரம்பி. போர்ட்டிஸ்ஹெட் முடிந்ததும் மழைச்சத்தம் வரும். அப்புறம் யார் வாசித்தது என்றே தெரியாத ஒரு பியானோ. மூன்றும் ஒரே சரக்குதானாம்.

‘மெஸ்ஸனைன்’ 1998இல் வந்தது. முதல் பாட்டு ‘ஏஞ்சல்’. அடிவயிற்றில் ஊரும் பேஸ், அதன்மேல் ஹோரஸ் ஆண்டியின் நடுங்கும் குரல், பிறகு கிடார்கள் வெடிக்கின்றன. அது வெடிக்கும்போது ஒருவனால் நிம்மதியாக பக் ஃபிக்ஸ் பண்ண முடிகிறதென்றால், அவன் காதில் பாட்டு விழவில்லை என்றுதான் அர்த்தம்.

‘ட்ரிப் ஹாப்’ என்பது 1994இல் ஒரு ஆங்கிலப் பத்திரிகை ஒட்டிய லேபிள். பிரிஸ்டல் கலைஞர்கள் பலருக்கு அது பிடிக்கவே இல்லை. அடிமை வணிகத்தில் கொழுத்த துறைமுக நகரம் பிரிஸ்டல். கரீபியனிலிருந்து அங்கே குடியேறியவர்கள் கொண்டுவந்த ரெக்கே, ராட்சத ஸ்பீக்கர்கள் அதிரும் சவுண்ட் சிஸ்டம் விருந்துகள், அமெரிக்க ஹிப்ஹாப் எல்லாம் கலந்து பிறந்த இசை இது. அடிமை வணிகர் கோல்ஸ்டனின் பெயரைத் தாங்கிய சொந்த ஊர் அரங்கில் வாசிக்க மாட்டோம் என்று மாஸிவ் அட்டாக் மறுத்தது. 2020இல்தான் அந்தப் பெயர் மாறியது. இந்த இசை மெதுவாக நகர்கிறது, உண்மை. சுமை தூக்கியவனும் மெதுவாகத்தான் நடப்பான்.

ட்ரிக்கியின் ‘மேக்ஸின்க்வே’ (1995) அவருடைய அம்மாவின் பெயர். அவர் சிறு பிள்ளையாக இருந்தபோதே அம்மா தற்கொலை செய்துகொண்டார். ‘டியர்டிராப்’பைப் பதிவுசெய்த நாட்களில்தான் ஜெஃப் பக்லி ஆற்றில் மூழ்கி இறந்த செய்தி எலிசபெத் ஃப்ரேசருக்கு வந்தது. நமக்கு அது ‘ஹவுஸ்’ சீரியலின் டைட்டில் மியூசிக்.

“பாட்டை நான் எப்படிக் கேட்டா உனக்கென்னப்பா?” நியாயமான கேள்விதான். பதிலுக்கு ஒரே ஒரு உதாரணம். ஐசக் ஹேய்ஸின் 1971ஆம் வருடப் பாட்டொன்றின் அதே துண்டை போர்ட்டிஸ்ஹெட் ‘குளோரி பாக்ஸ்’ஸிலும், ட்ரிக்கி ‘ஹெல் இஸ் ரவுண்ட் த கார்னர்’ரிலும் சுழலவிட்டார்கள். முன்னதில் பெத் கிப்பன்ஸின் குரல் அதன்மேல் கெஞ்சுகிறது, களைத்துப்போகிறது. பின்னதில் அதே துண்டு இருட்டுச் சந்தில் பின்னால் வரும் காலடிச் சத்தமாகிவிடுகிறது. ஒரே கல், இரண்டு சிலை. பின்னணியில் ஓடவிட்டால் இது தெரியவே தெரியாது.

போர்ட்டிஸ்ஹெட் தாங்களே வாசித்ததை வினைல் தட்டில் அழுத்தி, அதைத் தேய்த்து, அந்தக் கீறலோடு சாம்பிள் எடுத்தவர்கள். ஒரு கீறலுக்கு இவ்வளவு மெனக்கெட்டவர்களை நாம் ஏசிச் சத்தத்தை மறைக்கப் பயன்படுத்துகிறோம். ‘ஸ்கிப்’ பண்ணாதவரை போதும் என்று நாம் கேட்டால், ஸ்கிப் பண்ணக்கூடத் தோன்றாத இசையைத்தான் சந்தை நமக்குத் தயாரித்துத் தரும். தந்துகொண்டும் இருக்கிறது.

‘மெஸ்ஸனைன்’ ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், பதினொரு பாட்டு. மியூட் போட்டுக்கொண்டு இதைவிட நீளமான மீட்டிங்குகளில் உட்கார்ந்திருக்கிறோம். லேப்டாப்பை மூடுங்கள். வரிசை மாற்றாமல் கேளுங்கள். அதற்குப் பிறகும் அது ‘சில்’தான் என்றால், வாங்க, சண்டை போடுவோம்.