தரகருக்குக் கூலியும் கொடுப்போம், கணக்கும் கேட்போம்

காணித் தரகர் என்றாலே நம்மவர்கள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்துவிடும். "புரோக்கர் கதை" என்பது பொய்க்கு இன்னொரு பெயராகிவிட்டது. ஆனால் மகளுக்கு வீடு பார்க்க வேண்டும், கடையை விற்க வேண்டும், வாப்பா விட்டுப்போன வளவைக் காசாக்க வேண்டும் என்றால் முதல் டெலிபோன் அவருக்குத்தான் போகிறது. தெஹிவளையிலும் மாளிகாவத்தையிலும் சரி, அக்குறணையிலும் காத்தான்குடியிலும் சரி, நானறிய தரகர் கால் படாமல் கைமாறும் வீடுகள் குறைவு. தேவைப்படும்போது தேடிப்போவதும் வேலை முடிந்தபின் திட்டுவதும் வியாபாரிகளான நமக்கு அழகல்ல.

இது இன்று நேற்று வந்த தொழிலுமல்ல. நபி (ஸல்) அவர்கள் காலத்து மதீனாச் சந்தையில் வாங்கி விற்பவர்களை "ஸமாஸிரா" என்றே அழைத்தார்கள். தரகர்கள் என்று பொருள். நபியவர்கள் அவர்களிடம் வந்து, அதைவிட நல்ல பெயராக "துஜ்ஜார்" என்று அழைத்ததையும், வியாபாரத்தில் வீண் பேச்சும் சத்தியமும் கலந்துவிடும், ஆகவே அதோடு ஸதகாவையும் கலந்துகொள்ளுங்கள் என்று உபதேசித்ததையும் கைஸ் இப்னு அபீ கரஸா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் அபூதாவூதில் இருக்கிறது. இன்று வியாபாரி என்று நிமிர்ந்து நிற்கும் நமக்கும் தரகருக்கும் அன்று ஒரே பெயர்தான்.

தெஹிவளைப் பக்கம் நீண்ட காலமாக இத்தொழிலைச் செய்யும் ஒருவரோடு இதுபற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். "நானா, ஒரு வீட்ட நாலு மாசமா முப்பது பேருக்குக் காட்டுறன். பெட்ரோல் என்ட, டெலிபோன் என்ட. கடைசில வாங்குறவரும் விக்கிறவரும் ஜும்ஆவுக்குப் பொறகு பள்ளி வாசல்ல சந்திச்சி பேசி முடிச்சிக்கிறாங்க. உறுதி எழுதி மூணு மாசத்துக்குப் பொறகுதான் எனக்குக் கதை வருது. கேட்டா, நாங்க சொந்தக்காரங்க, இடையில புரோக்கர் எதுக்குண்டு சொல்றாங்க."

இதில் பொய்யில்லை. கொழும்புப் பக்கம் விற்பனைக்கு நூற்றுக்கு மூன்று, வாடகைக்கு ஒரு மாத வாடகை என்று பேச்சளவில் ஒரு வழக்கம் உண்டு. இரண்டு கோடி ரூபா வீட்டுக்கு அது ஆறு இலட்சம். அந்தத் தொகையைக் கேட்டதும் நம்மவர்களுக்கு நெஞ்சு அடைக்கிறது. "ஒரு டெலிபோனுக்கு ஆறு இலட்சமா?" என்கிறார்கள். அந்த ஒரு டெலிபோனுக்கு முன்னால் வீணாகப் போன இருபத்தொன்பது பயணங்களை யாரும் எண்ணுவதில்லை. கூலியை வியர்வை உலர முன் கொடுங்கள் என்று மேடைகளில் பேசுகிறோம். தரகருக்கும் வியர்க்கும் என்பது ஏனோ மறந்துவிடுகிறது.

தரகரின் நியாயம் இதோடு முடிகிறது. கொமிஷன் கிடைக்காது என்ற பயத்தில் அவர் கண்டுபிடித்த வழிதான் "மேல் வைத்தல்". சொந்தக்காரர் ஒரு கோடி எண்பது இலட்சம் கேட்கிறார். தரகர் வாங்குபவரிடம் இரண்டு கோடி என்கிறார். இடையில் உள்ள இருபது இலட்சம் யாருக்கும் தெரியாமல் அவர் பைக்குள் போகிறது. அவருக்குக் கீழே இன்னும் இரண்டு தரகர்கள் இருந்தால் அவர்களும் ஆளுக்கு ஐந்து வைப்பார்கள். அதனால்தான் ஒரே வீடு வட்ஸ்அப்பில் மூன்று விலையில் சுற்றுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் அதைப் பார்த்துத் தன் வீட்டுக்கும் அதே விலை சொல்கிறார். யாருமே கொடுக்காத ஒரு விலை இப்படித்தான் அந்த வீதியின் விலையாகிவிடுகிறது.

இதற்கு மார்க்கத்தில் இடமுண்டா என்று கேட்டால், நம்மில் பலர் நினைப்பதைவிட விடை நுட்பமானது. ஸஹீஹுல் புகாரியில் தரகரின் கூலி பற்றித் தனியாக ஒரு பாடம் இருக்கிறது. இப்னு ஸீரீன், அதா, இப்ராஹீம், ஹஸன் ஆகியோர் தரகுக் கூலியில் குற்றம் காணவில்லை என்று இமாமவர்கள் அங்கே குறிப்பிடுகிறார்கள். இந்தப் புடவையை விற்றுக்கொடு, இன்ன தொகைக்கு மேல் கிடைப்பது உனக்கு என்று சொந்தக்காரரே சொல்வதிலும் தவறில்லை என்பது இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் கருத்தாக அதே பாடத்தில் வருகிறது. ஆகவே மேல் வைப்பதே ஹராம் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. பொருளின் சொந்தக்காரர் அறிந்து, வாய் திறந்து சம்மதித்தாரா என்பதுதான் கேள்வி. நமது தரகர்கள் வைக்கும் மேல் தொகையில் அந்தச் சம்மதம் எங்கே இருக்கிறது? விற்பவருக்கு ஒரு விலை, வாங்குபவருக்கு ஒரு விலை, இரண்டு பேரும் சந்தித்துவிடக் கூடாது என்ற ஓட்டம். வாங்கும் எண்ணமே இல்லாத ஒருவரைக் கூட்டிவந்து விலை கேட்க வைப்பது இன்னொரு தந்திரம். அதற்கு நஜ்ஷ் என்று பெயர். அதை நபியவர்கள் தடுத்தார்கள் என்பதில் கருத்து வேறுபாடே கிடையாது.

பணம் போனால் போகட்டும். அதைவிடப் பாரதூரமான ஒன்று இருக்கிறது.

நமது குடும்பங்களில் வாப்பா மௌத்தான பின் வீடு பல வருடங்கள் பங்கு வைக்கப்படாமலே கிடக்கும். பிறகு ஒருநாள் மூத்த மகன் தரகரைக் கூப்பிடுவார். வாங்க வருபவருக்கு வாப்பாவின் பெயரிலுள்ள உறுதி காட்டப்படும். ஆண் பிள்ளைகள் இருவரும் கையெழுத்து வைக்கத் தயார். "ராத்தா, தங்கச்சிக்கெல்லாம் கலியாணத்திலேயே கொடுத்து முடிஞ்சுது" என்று ஒரு வார்த்தை. தரகரும் தலையாட்டுவார்.

1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் வாரிசுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, மரண சாசனம் இன்றி இறந்த முஸ்லிமின் சொத்து அவருடைய மத்ஹபின் சட்டப்படி பிரிகிறது. உம்மாவும் இரண்டு ஆண் மக்களும் இரண்டு பெண் மக்களும் உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உம்மாவுக்கு எட்டில் ஒன்று. மிகுதி ஆறு பங்காகி, ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று. அதாவது ஒவ்வொரு மகளுக்கும் 48இல் 7. இரண்டு கோடி ரூபா வீட்டில் ஒரு மகளின் பங்கு 29 இலட்சத்துக்கும் மேல். கலியாணத்தில் கொடுத்த சீதனம் வாப்பா உயிரோடிருக்கும்போது கொடுத்த அன்பளிப்பு. அவர் மௌத்தான பின் வரும் வாரிசுப் பங்கை அது தின்றுவிடாது. அந்தப் பெண் தன் பங்கைத் தானே முன்வந்து உறுதி மூலம் எழுதிக்கொடுத்தாலன்றி அது அவளுடையதுதான்.

ஆண் மக்கள் மட்டும் கையெழுத்து வைத்த உறுதியை வாங்கியவர் எதை வாங்கியிருக்கிறார்? சகோதரர்களின் பிரிக்கப்படாத பங்கை மட்டும். முழு வீட்டுக்கும் பணம் கொடுத்துவிட்டு, உம்மாவோடும் இரண்டு சகோதரிகளோடும் கூட்டுச் சொந்தக்காரராகி நிற்கிறார். நாளை அந்தத் தங்கச்சியின் மகன் வளர்ந்து சட்டத்தரணியிடம் போனால், 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் கீழ் வழக்கு வரும். அந்த வழக்குகள் எத்தனை வருடம் இழுபடும் என்பதை நீதிமன்றப் பக்கம் போனவர்களிடம் கேட்டுப் பாருங்கள். வாங்கியவருக்குப் பண நட்டம். யதார்த்தத்தில் பெரிய நட்டம் யாருக்கு? தன் பங்கு விற்கப்பட்டதே தெரியாமல் இருக்கும் அந்தச் சகோதரிக்கு. தரகர் அந்த வீட்டுப் படியேறிய முதல் நாளே, அடுப்படியில் எத்தனை பெண் மக்கள் என்பது அவருக்குத் தெரியும். சொன்னால் வியாபாரம் கெட்டுவிடும் என்று மௌனமாக இருக்கிறார். விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறைகளைத் தெளிவுபடுத்தினால் அந்த வியாபாரத்தில் பரக்கத் உண்டு, மறைத்தால் பரக்கத் அழிந்துவிடும் என்ற ஹதீஸை நம் கடைச் சுவர்களில் தொங்கவிட்டிருக்கிறோம். அது இடையில் நிற்பவருக்கும் சேர்த்துத்தான்.

தரகர்கள் ஏதோ உபகாரம் போலச் சொல்லிக்கொடுக்கும் இன்னொரு வேலை, உறுதியில் விலையைக் குறைத்து எழுதுவது. காணி விற்பனைக்கு முத்திரை வரி முதல் ஒரு இலட்சத்துக்கு நூற்றுக்கு 3, மிகுதிக்கு நூற்றுக்கு 4. இரண்டு கோடிக்கு 7 இலட்சத்து 99 ஆயிரம் ரூபா வரும். ஒரு கோடி என்று எழுதினால் 3 இலட்சத்து 99 ஆயிரம். நாலு இலட்சம் மிச்சம் என்று சந்தோஷப்படுகிறோம். பொய் எழுதுவது ஆகுமா என்பதை உலமாக்களிடம் விட்டுவிட்டு வெறும் கணக்கை மட்டும் பார்ப்போம். 2018 ஏப்ரலில் இருந்து மூலதன ஆதாய வரி மீண்டும் நடைமுறையில் இருக்கிறது. அப்போது நூற்றுக்கு 10 ஆக இருந்தது, தனிநபர்களுக்கு 2025 ஏப்ரலில் 15 ஆனது. சில வருடம் கழித்து அந்தச் சொத்தை இரண்டரைக் கோடிக்கு விற்கிறீர்கள் என்று வைப்போம். உண்மை விலை எழுதியிருந்தால் ஆதாயம் ஐம்பது இலட்சம், வரி ஏழரை இலட்சம். ஒரு கோடி என்று எழுதியவருக்கு ஆதாயம் ஒன்றரைக் கோடி, வரி இருபத்திரண்டரை இலட்சம். நாலு இலட்சத்தை மிச்சம் பிடித்தவர் பதினைந்து இலட்சத்தை இழக்கிறார். குடியிருக்கும் வீட்டுக்குச் சில நிபந்தனைகளோடு விலக்கு உண்டு. கடைக்கும் முதலீட்டுக் காணிக்கும் கிடையாது. அடுத்து வாங்குபவரும் குறைத்து எழுதச் சம்மதிப்பார் என்று நம்பியிருக்கவும் முடியாது. வங்கி வசதியில் வாங்குபவர் சம்மதிக்கவே மாட்டார். உறுதியில் குறை வந்து விற்றவரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்க நேர்ந்தால், கையில் உள்ள அத்தாட்சி ஒரு கோடிக்கு மட்டும்தான்.

வீட்டுப் பிரச்சினை என்று பேசும்போது முழுப் பழியையும் தரகர் தலையில் போடுவதும் நியாயமில்லை. பள்ளிவாசலுக்கும் மத்ரஸாவுக்கும் நடந்து போகும் தூரத்தில் வேண்டும் என்று எல்லோரும் அதே நாலு வீதிகளில் தேடினால் விலை ஏறாமல் என்ன செய்யும்? கிழக்கில் பெண்ணுக்கு வீடு இல்லாமல் கலியாணம் இல்லை என்று வைத்திருக்கிறோம். காத்தான்குடி போல இடமே இல்லாத ஊரில் ஒவ்வொரு மகளுக்கும் ஒரு வளவு தேட வேண்டிய வாப்பா, சொன்ன விலையைக் கொடுக்கத்தான் செய்வார். 2022இல் சீமெந்து மூட்டை மூவாயிரம் ரூபாவைத் தாண்டியபோது கட்டிக்கொண்டிருந்தவர்கள் பாதியில் நிறுத்தினார்கள். காசு கையில் உள்ளவர்கள் ரூபாவை நம்பாமல் காணியில் போட்டார்கள். கடையின் சுழலும் முதல் அப்படிக் காணிக்குள் போய் முடங்கியதால், சரக்கெடுக்கக் கடனுக்கு அலையும் வியாபாரிகள் புறக்கோட்டையிலும் இருக்கிறார்கள். அவசரத்துக்கு விற்கப்போனால் அதே தரகர் பாதி விலை பேசுவார்.

இத்தொழிலை ஒழுங்குபடுத்த அரசாங்கத்தைக் காத்திருக்கலாம். சட்டத்தரணி உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்கிறார், நில அளவையாளருக்கு அனுமதிப்பத்திரம் உண்டு. தரகருக்கு நடைமுறையில் ஒரு கைபேசி போதும். 2006ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க, நிதிக் கொடுக்கல்வாங்கல்களை அறிக்கையிடும் சட்டம் மட்டும் காணி விற்பனை முகவர்களை மறக்கவில்லை. சந்தேகத்துக்கிடமான கொடுக்கல்வாங்கலை மத்திய வங்கியின் நிதியியல் உளவறிதல் பிரிவுக்கு அறிவிக்கும் கடமை அவர்களுக்கும் உண்டு. இதை அறிந்த தரகரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

அதுவரை நாமே செய்யக்கூடியது ஒரு தாள் விஷயம். வீட்டைக் காட்ட முன்னரே எழுதிக்கொள்ளட்டும்: சொந்தக்காரர் கேட்கும் விலை இவ்வளவு, தரகுக் கூலி இவ்வளவு, அதைத் தருபவர் இவர், உறுதியில் கையெழுத்திடும் அன்றே தரப்படும். மேல் தொகை தரகருக்கு என்றால் அதையும் சொந்தக்காரர் கைப்பட எழுதட்டும். வாரிசுச் சொத்தாக இருந்தால் வாரிசுகள் அனைவரின் பெயரும், பெண் மக்களின் பெயர் முதலில், அந்தத் தாளில் இருக்கட்டும். மாடி வீடாக இருந்தால் மாநகர சபையின் இணக்கச் சான்றிதழும் 1973ஆம் ஆண்டின் தொடர்மாடிச் சொத்துரிமைச் சட்டப்படி பதிந்த பிளானும் இருக்கிறதா என்று ஒரு வரி. பதிவகத்தில் முப்பது வருடத் தேடலை வாங்குபவர் தன் சொந்தச் சட்டத்தரணியைக் கொண்டே செய்யட்டும். தரகர் கூட்டிவரும் நொத்தாரிசு தரகரின் ஆள். உறுதி முடிந்தால் அதே வாரம் பதியவும் வேண்டும். பதியாத உறுதியைப் பின்னால் வந்து முதலில் பதிந்த உறுதி முந்திவிடும் என்பது நம் பதிவுச் சட்டம்.

இந்தத் தாளைப் பற்றி அந்தத் தெஹிவளைத் தரகரிடம் சொன்னேன். "நான் நாளைக்கே கையெழுத்து வைக்கிறன் நானா, விக்கிறவங்க வைப்பாங்களா?" என்று கேட்டார். பள்ளிவாசல் நிர்வாகங்களும் வர்த்தகர் சங்கங்களும் இப்படியொரு மாதிரித் தாளை அச்சடித்து வைக்க முன்வந்தால் வரைவு எழுதித்தரச் சட்டத்தரணிகள் இருவர் ஆயத்தமாக இருக்கிறார்கள். பத்திரிகை முகவரிக்கு எழுதுங்கள். கடை வாடகையும் கீ மணியும் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். இன்ஷா அல்லாஹ், அது அடுத்த வாரம்.