கைத்தொலைபேசி: மருந்தா, காவலா?

ஐக்கிய அமெரிக்காவிலே சிறு குற்றங்களுக்காக நீதிமன்றின் முன் நிறுத்தப்பட்டு, நன்னடத்தைக் கண்காணிப்பின் கீழ் விடப்படும் இளைஞரைக் கஞ்சாப் பழக்கத்திலிருந்து கைத்தொலைபேசி வாயிலாக விலக்கலாம் என்ற கருத்து ஆய்வாளரிடையே செல்வாக்குப் பெற்றுவருகின்றது. முறை எளிது. இன்று புகைத்தாயா, யாருடன் இருந்தாய், ஆவல் எவ்வளவு என்றவாறு குறுஞ்செய்தியாக வினாக்கள் வரும். விடைக்கேற்ப அறிவுரையோ ஊக்கமொழியோ திரும்பி வரும். உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983இல் முன்வைத்த ஊக்க நேர்காணல் முறையின் சாயலை இத்தகைய திட்டங்களிற் காணலாம். குற்றஞ்சாட்டாது, மாற்றத்துக்கான காரணங்களை இளைஞனின் வாயினாலேயே கூறச்செய்வது அதன் சாரம்.

இதன் வைத்தியப் பயனை மறுக்கவேண்டியதில்லை. சிகிச்சை நிலையத்துக்குச் செல்லப் பணமோ நேரமோ அற்றவனை ஆலோசனை தேடிவருவது நன்றே. மறுக்கப்படவேண்டியது, கருவி நடுநிலையானது என்னும் வாதமாகும். வைத்தியரிடம் சொல்லப்படும் உண்மை நோயைத் தீர்க்க உதவும். அதே உண்மை நன்னடத்தை உத்தியோகத்தரின் செவிக்கு எட்டினால் மறியலுக்கு வழிகாட்டும். 'நேற்றுப் புகைத்தேன்' என்ற ஒரு வரி, நிபந்தனை மீறலுக்கான ஒப்புதல் வாக்குமூலமன்றி வேறென்ன? சிறுநீர்ப் பரிசோதனைகூட அண்மைய நாட்களிலோ வாரங்களிலோ புகைத்தானா என்பதை மட்டுமே காட்டவல்லது. கைத்தொலைபேசியோ எந்நாள், எவ்விடம், யாருடன் என்பவற்றையும் சேர்த்துச் சொல்லிவிடும்.

நல்லெண்ணத்தின் பேரால் உரிமை பறிபோவது அந்நாட்டுச் சிறுவர் நீதிக்குப் புதிதன்று. 1899இல் சிக்காகோவிலே தோன்றிய சிறுவர் நீதிமன்றம், தண்டிப்பதற்கன்றித் தந்தைபோற் பேணுவதற்கே எனப்பட்டது. தந்தையின் முன் சட்டத்தரணி எதற்கு? இக்கேள்வியின் விலையை 1964இல் அரிசோனாவின் ஜெரால்ட் கோல்ட் என்னும் 15 வயதுச் சிறுவன் கொடுத்தான். ஆபாசத் தொலைபேசி அழைப்பு ஒன்றின் பேரில் (அன்றும் தொலைபேசிதான்!) 21 வயதுவரை தடுத்துவைக்கத்தக்கதாகச் சீர்திருத்தப் பாடசாலைக்கு அவன் அனுப்பப்பட்டான். வளர்ந்தவர் ஒருவருக்கு அதற்குரிய தண்டனை ஆகக்கூடியது 50 டொலர் குற்றப்பணம் அல்லது இரண்டு மாத மறியல். 1967இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பைப் புரட்டி, சட்டத்தரணியைப் பெறும் உரிமையும் தனக்கெதிராகத் தானே சாட்சி கூற மறுக்கும் உரிமையும் சிறுவருக்கும் உண்டென்றது.

ஆயின் இவ்வுரிமை கோரினாலன்றிக் கைகொடாது. வளர்ந்தவர் ஒருவர் சம்பந்தப்பட்ட மினசோட்டா வழக்கிலே, நன்னடத்தை நிபந்தனையாக விதிக்கப்பட்ட சிகிச்சையின்போது அவர் ஆலோசகரிடம் கூறியது உத்தியோகத்தருக்கு எட்டியது. உத்தியோகத்தர் வினவியபோது அவர் மீண்டும் ஒப்புக்கொண்டார். மௌனம் காக்கும் உரிமையை அவர் கோரவில்லை என்பதால், அவ்வொப்புதலைச் சான்றாக ஏற்கலாம் என 1984இல் அதே நீதிமன்றம் தீர்த்தது. குறுஞ்செய்திக்கு விடையளிக்கும் சிறுவன் எந்தக் கணத்தில், யாரிடம் தன் உரிமையைக் கோருவான்?

சம்மதம் பெற்றே தகவல் பகிரப்படுகின்றது என்பர். போதைப்பொருட் சிகிச்சைப் பதிவேடுகளைக் காக்கும் சமஷ்டி விதிகள் அங்கு உள்ளமை உண்மையே. ஆனால் சிகிச்சை நீதிமன்ற நிபந்தனையாக இருக்குமிடத்து, கையொப்பம் பெற்று நீதித்துறை அலுவலருக்குத் தகவல் வழங்க அவ்விதிகளே இடமளிக்கின்றன. ஒப்பமிடாவிடில் தடுப்பு நிலையம் என்ற நிலையில் இடப்படும் ஒப்பத்தைச் சம்மதம் என்பது சொல்லுக்கே இழுக்கு.

அன்றியும், இவ்வினாக்கள் யாரைத் தேடிச்செல்லும்? கஞ்சாப் பாவனை வெள்ளையரிடையேயும் கறுப்பினத்தவரிடையேயும் ஏறத்தாழ ஒத்திருக்க, 2010இல் அதனை வைத்திருந்தமைக்காகக் கறுப்பினத்தவர் கைதாகும் வீதம் வெள்ளையரினதைப்போல் 3.73 மடங்காக இருந்ததென அமெரிக்கக் குடிசார் உரிமைகள் ஒன்றியம் 2013இல் வெளியிட்ட அறிக்கை காட்டியது. கைதில் உள்ள இவ்வோரவஞ்சனையைக் குறுஞ்செய்தி திருத்தாது. பொலிஸார் பிடித்தவரையே அது பின்தொடரும்.

கருவியை விரும்புவோர் முதலிற் கேட்கவேண்டியது ஒன்றுண்டு. இளைஞனின் விடைகள் எக்காரணத்தாலும் நீதிமன்றுக்கோ நன்னடத்தை உத்தியோகத்தருக்கோ செல்லலாகாது என்பது, சம்மதத்தாலும் தளர்த்தமுடியாத சட்டமாதல் வேண்டும். இன்றேல் ஒவ்வொரு மாலையும் வரும் வினாவுக்கு 'இல்லை' என்றே அவன் விடையனுப்புவான்; ஆய்வாளரின் அட்டவணையிலும் அந்த 'இல்லை'தான் வெற்றியாகப் பதியப்படும்.