தலைவர் உயர்ந்தார், தொழிலாளி உயர்ந்தானா?

தொழிலாளி வீட்டுப் பிள்ளை ஒருவன் மந்திரியாகிவிட்டால் தொழிலாளர் துன்பமெல்லாம் தீர்ந்து போகும் என்று நம் மக்களில் பலர் நம்புகிறார்கள். இந்நம்பிக்கைக்கு ஆதாரம் என்ன என்று கேட்டால் பதில் சொல்வாரில்லை. ஆகவே இங்கிலாந்தில் பேர்பெற்ற ஜே. எச். தாமஸ் என்பவருடைய கதையை வாசகர்கள் முன் வைக்கிறோம்.

இவர் 1874ல் வேல்ஸ் நாட்டு நியூபோர்ட் நகரில், மணமாகாத ஏழைப் பெண்ணுக்குப் பிறந்து பாட்டியிடம் வளர்ந்தவர். அதை நாம் ஒருபோதும் இழிவென்று சொல்லமாட்டோம். ரயில் என்ஜின் துடைக்கும் பையனாகச் சேர்ந்து, டிரைவராகி, சங்கத்துக்கு உழைத்து, 1910ல் டெர்பி தொகுதிக்குப் பார்லிமெண்டு மெம்பரானார். பிறகு ரயில்வேத் தொழிலாளர் தேசிய சங்கத்தின் தலைமைக் காரியதரிசியுமானார். 1919ல் சர்க்கார் கூலியைக் குறைக்கப் பார்த்தபோது, அச்சங்கம் ஒன்பது நாள் வேலைநிறுத்தம் செய்து அதைத் தடுத்தது. இதுவரையில் பெருமைதான்.

நிற்க, பின்னால் நடந்ததென்ன? 1921 ஏப்ரல் 15ந் தேதி, கூலிக் குறைப்பை எதிர்த்து நின்ற சுரங்கத் தொழிலாளருக்குத் துணையாக வேலைநிறுத்தம் செய்வதாகச் சொல்லியிருந்த ரயில்வே, போக்குவரத்துச் சங்கங்கள் பின்வாங்கின. அப்படிப் பின்வாங்கியதில் இவர் முக்கியமானவர். தொழிலாளர் அந்த நாளுக்குக் "கறுப்பு வெள்ளிக்கிழமை" என்று பெயரிட்டார்கள். 1924ல் இவர் மந்திரியானார். பிரபுக்கள் வீட்டு விருந்தும் அரசருடைய சிநேகமும் கிடைத்தன. 1929ல் வேலையில்லாத் திண்டாட்டத்தைப் போக்கும் பொறுப்பு இவரிடம் வந்தது. அப்போது சுமார் 11 லட்சமாயிருந்த வேலையற்றோர் தொகை, ஓராண்டில் 20 லட்சத்தை நெருங்கிற்று. உலக வியாபார மந்தம் இவர் செய்ததல்ல. ஆனால் அதற்கு இவரிடம் மருந்துமில்லை.

1931ல் வேலையற்றோருக்குக் கொடுத்து வந்த உதவிப் பணத்தில் கை வைப்பதா என்ற கேள்வியில் தொழிற்கட்சி மந்திரிசபை உடைந்தது. இவரோ மக்டொனால்டுடன் போய், முதலாளிகளின் கட்சியோடு சேர்ந்த மந்திரிசபையில் உட்கார்ந்தார். அந்த மந்திரிசபை உதவிப் பணத்தில் பத்தில் ஒரு பங்கை வெட்டியது. 1936ல் பட்ஜெட் ரகசியத்தை வெளியிட்டார் என்று விசாரணையில் முடிவாகி, மந்திரி பதவியையும் பார்லிமெண்டு ஸ்தானத்தையும் விட்டு விலகினார், 1949ல் இறந்தார்.

தோழர்களே! இதில் நாம் மெச்சும் ஒரு காரியம் உண்டு. இவர் 1931ல் கட்சி மாறியதும் ரயில்வேச் சங்கத்தார், "எங்கள் பழைய தலைவராயிற்றே" என்று கண்ணீர் வடித்துக் கொண்டிருக்கவில்லை. பதவியைப் பறித்தார்கள், பென்ஷனும் இல்லையென்றார்கள். அதுவே மானமுள்ள சங்கத்துக்கு அடையாளம்.

நம் நாட்டிலோ தலைவரைத் தேரில் ஏற்றி வைத்து வடம் பிடிப்பதே வழக்கமாயிருக்கிறது. தேரில் இருப்பவர் ஊர்வலம் வருவார்; வடம் பிடித்தவன் கையில் கொப்புளந்தான் மிஞ்சும். எவ்வளவு பெரிய தலைவரானாலும் வருஷா வருஷம் கணக்குக் கேளுங்கள். சொல்ல மறுத்தால் இறக்கி விடுங்கள்.