பந்தயத் திடலும் பகடை மாளிகையும்

ஓர் ஊரில் விளையாட்டரங்கம் எழுந்தால் அதன் அருகிலுள்ள சூதாட்ட விடுதிகள் செழிக்கும். விடுதிகள் செழித்தால் ஊர் செழிக்கும். ஆகவே அரங்கம் கட்டப் பொதுப் பணத்தை வழங்குவது தகும். அமெரிக்க நாட்டின் நெவாடா மாநிலத்தில், லாஸ் வேகாஸ் நகரை ஒட்டி ஓங்கி ஒலித்த வாதம் இதுவாகும். நம்மிடம் ஓதிச் சென்று, இப்போது அந்நாட்டில் பணிபுரியும் மாணவர் ஒருவர் விடுமுறையில் வந்தபோது இவ்வாதத்தை நம் முன் வைத்தார். "இதில் என்ன தவறு, ஹஜரத்? வரியை வெளியூர்ப் பயணிகள்தாமே செலுத்துகிறார்கள்?" என்று வினவினார். வினா நேர்மையானது. விடையும் நேர்மையாக இருத்தல் வேண்டும்.

சூது ஹராம் என்று ஒரு சொல்லில் கூறிவிட்டு எழுந்துவிடுவது நமக்கு எளிது. ஆனால், திருமறை அவ்வாறு செய்யவில்லை. மதுவையும் சூதையும் பற்றி மக்கள் வினவியபோது, அவற்றில் மனிதர்க்குச் சில பயன்கள் உண்டு என்பதை அல்பகரா அத்தியாயத்தின் 219ஆம் வசனம் ஒப்புக்கொள்கிறது. ஒப்புக்கொண்ட பின்னரே, அவற்றின் பாவம் பயனைவிடப் பெரிது எனத் தீர்ப்பளிக்கிறது. ஆகவே, பயன் உண்டு என்று ஒருவர் கூறும்போது நாம் திகைக்க வேண்டியதில்லை. பயன் யாருக்கு, கேடு யாருக்கு, இரண்டையும் நிறுத்த தராசு யார் கையில் என்று கேட்பதே நம் கடமை.

அக்காலத்து அரபிகளின் சூது எவ்வாறு நடந்தது என்பதை விரிவுரையாளர்கள் விளக்கியுள்ளனர். ஒட்டகம் ஒன்றை அறுத்துப் பங்கிடுவர். பத்து அம்புகளைப் பையிலிட்டுக் குலுக்குவர். ஏழு அம்புகளுக்குப் பங்கு உண்டு, மூன்றுக்கு இல்லை. வெற்று அம்பு யாருக்கு வந்ததோ அவர் ஒட்டகத்தின் விலையைக் கட்ட வேண்டும். வென்றவர் இறைச்சியைத் தாம் உண்ணாமல் ஏழைகளுக்கு வழங்கி, அதைக் குலப்பெருமையாகப் பேசிக்கொள்வர். ஏழைக்கு இறைச்சி கிடைத்தது உண்மை. எனினும் அச்சூது விலக்கப்பட்டது. கொடையின் போர்வையைப் போர்த்திக்கொண்டதால் சூது தூய்மை பெற்றுவிடவில்லை. இன்று வரி, வேலைவாய்ப்பு, ஊர் வளர்ச்சி என்னும் பெயர்களில் அதே இறைச்சியே பங்கிடப்படுகிறது.

இனி நிகழ்ந்தவற்றைக் காண்போம். நெவாடாவில் 1931 முதல் சூதாட்டம் சட்டபூர்வமானது. 2016 அக்டோபரில் அம்மாநிலச் சட்டமன்றம் சிறப்புக் கூட்டம் கூட்டி, அமெரிக்கக் கால்பந்துக்கான அரங்கம் ஒன்றுக்கு 75 கோடி டாலர் பொதுப் பணம் வழங்க இசைந்தது. அதற்கென விடுதி அறை வாடகையின் மீது நூற்றுக்கு 0.88 வீதம் கூடுதல் வரி விதிக்கப்பட்டது. ஏறத்தாழ 65,000 பேர் அமரும் அவ்வரங்கம் 2020இல் திறக்கப்பட்டது. நெடுஞ்சாலையின் இப்பக்கம் அரங்கம். அப்பக்கம் மாண்டலே பே போன்ற சூதாட்ட விடுதிகள். ஆட்ட நாளில் இரண்டுக்கும் இடையிலுள்ள பாலத்தின் வழியே மக்கள் கூட்டம் கூட்டமாக நடந்து செல்வர்.

அத்துடன் நிற்கவில்லை. 2023 ஜூனில், பேஸ்பால் ஆட்டத்துக்கென மற்றோர் அரங்கம் கட்ட 38 கோடி டாலர் வரை வழங்கும் சட்டம் நிறைவேறியது. அதற்கு இடம் தர, 1957இல் திறக்கப்பட்ட டிராபிக்கானா என்னும் பழைய சூதாட்ட விடுதி 2024 ஏப்ரலில் மூடப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. 35 ஏக்கர் நிலத்தில் 9 ஏக்கர் அரங்கத்துக்கு; எஞ்சிய நிலத்தில் புதிய சூதாட்ட விடுதி எழுப்புவதே திட்டம். 2025 ஜூனில் அரங்கப் பணி முறையாகத் தொடங்கியது. 2028இல் திறப்பது நோக்கம்.

இவ்வரங்கத்தால் அண்டை விடுதிகளுக்கு என்ன நேரும்? ஆதாயம் நேரும், அதை நாம் மறுக்கவில்லை. கால்பந்து அணி தன் ஊரில் ஆண்டுக்கு எட்டு அல்லது ஒன்பது ஆட்டங்களே ஆடும். பேஸ்பால் அணியோ 81 ஆட்டங்கள் ஆடும். அவற்றுள் பல வார நாள்களின் மாலைப் பொழுதில் நிகழ்பவை. வார இறுதியில் தாமாகவே நிரம்பும் அறைகளுக்கு வார நாள்களிலும் ஆள் வேண்டும் என்பதே விடுதிக்காரரின் ஏக்கம். ஆட்டம் மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும், இரவு எஞ்சியிருக்கும். அந்நகரின் பெரும் விடுதிகளில் அறைக்குச் செல்லும் வழி சூதாட்டக் கூடத்தின் ஊடாகவே செல்வது வழக்கம். அக்கூடங்களில் சன்னலைக் காண்பது அரிது. கடிகாரத்தைக் காண்பதும் அரிது. பொழுது போவதை மனிதன் அறியக் கூடாது என்பதற்காகவே ஓர் இடம் கட்டப்படுமானால், அல்மாயிதா அத்தியாயம் சூதைப் பற்றிச் செய்த எச்சரிக்கைக்கு வேறு சான்று எதற்கு? இறைநினைவையும் தொழுகையையும் மறக்கச் செய்வது அதன் இயல்பு என்று அவ்வத்தியாயம் உணர்த்துகிறது. வக்து தெரியாத இடத்தில் தொழுகை எங்ஙனம் நிற்கும்?

ஆக, அரங்கம் வாயில், விடுதி வலை. தந்தையின் கை பிடித்து ஆட்டம் காண வரும் சிறுவனும் அவ்வாயிலின் வழியாகவே நுழைகிறான்.

வரியைப் பயணிகள்தாமே செலுத்துகிறார்கள் என்னும் வினாவுக்கு வருவோம். பயணி செலுத்திய வரி ஊருக்கு வந்து சேர்ந்தபின் அது ஊராரின் பொருளே. அம்மாநிலத்தில் விடுதி வரியின் ஒரு பங்கு பள்ளிக்கூடங்களுக்கும் செல்கிறது. அவ்வாறிருக்க, அரங்கத்துக்குச் சென்ற வரி வேறெங்கும் செல்ல இயலாத வரி என எப்படிக் கூறுவது? மேலும், பயணி வராவிட்டால் என்ன ஆகும்? 2020இல் பெருந்தொற்றின்போது அம்மாநிலத்துச் சூதாட்டக் கூடங்கள் 78 நாள்கள் மூடிக் கிடந்தன. அறை வரி வறண்டது. கடன் பத்திரங்களுக்கான தவணையைக் கட்ட ஒதுக்கு நிதியில் கை வைக்க நேர்ந்தது. கடனுக்கு ஊர் பிணை நின்றிருந்தது. ஆதாயத்திலோ ஊருக்கு அத்தகைய உறுதி இல்லை. வெற்று அம்பு ஊராரின் கையில். பங்குள்ள அம்பு செல்வரின் கையில்!

அரங்கங்களுக்குப் பொதுப் பணம் தருவது அதற்கேற்ற பலனைத் தருவதில்லை என்பதே இத்துறையை ஆராய்ந்த பொருளியல் அறிஞருள் பெரும்பாலோரின் கருத்து. ஒருவர் அரங்கத்தில் செலவிடும் பணம், அவர் வேறோரிடத்தில் செலவிட்டிருக்கக்கூடிய பணமே என்பர். ஆட்டத்துக்கு வந்தவர் அறையை நிரப்பினால், முன்பு அவ்வறைக்கு வந்துகொண்டிருந்தவர் வெளியே நிற்கிறார். அறை ஒன்றுதான், வாடகை மட்டுமே ஏறுகிறது.

இதில் ஓக்லாந்து நகரின் கதை கண்ணீருக்குரியது. மேற்கூறிய இரு அணிகளும் அந்நகரில் ஆடியவை. பேஸ்பால் அணி 1968 முதல் 2024 வரை அங்கிருந்தது. கால்பந்து அணியை ஈர்க்க 1990களில் பழைய அரங்கைக் கடன் வாங்கிப் புதுப்பித்தனர். அவ்வணி 2020இல் லாஸ் வேகாஸில் குடியேறியது. அணி போன பின்னும் கடன் போகவில்லை. ஊரும் மாவட்டமும் அதைச் செலுத்திக்கொண்டிருந்தன. அந்நகரைக் கண்ட பின்னும் நெவாடா அதே ஏட்டில் கையொப்பமிட்டது.

எதிர்க்குரல் எழாமல் இல்லை. எழுப்பியவர்கள் ஆசிரியர்கள் என்பதை அறிந்து நம் நெஞ்சம் நெகிழ்ந்தது. அரங்கத்துக்கு முன் பள்ளிக்கூடம் என்னும் முழக்கத்துடன் நெவாடா ஆசிரியர் சங்கத்தார், அச்சட்டத்தை மக்கள் வாக்கெடுப்புக்கு விட வேண்டும் என மனு எழுதினர். மனுவில் சட்டத்தின் முழு வாசகமும் இடம்பெறவில்லை என்பது போன்ற காரணங்களால் அது தள்ளுபடியாயிற்று. 2024 மே மாதத்தில் மாநில உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. நீதிமன்றம் சட்டப்படி நடந்திருக்கலாம். ஆனால், மக்களின் வாய் திறக்கப்படவே இல்லை என்பதும் உண்மையன்றோ?

நாம் விளையாட்டின் பகைவர் அல்லர். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் குதிரைப் பந்தயம் நடத்தினார்கள், அம்பெய்தலை ஊக்கினார்கள், அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓடிப் போட்டியிட்டார்கள். உடலின் வலிமையை மார்க்கம் போற்றுகிறது. விளையாட்டு தூய்மையாக இருக்க வேண்டும் என்பதற்காகவே சூதை அதன் அருகில் அண்டவிடக் கூடாது என்கிறோம். இதை ஒரு காலத்தில் பேஸ்பால் ஆட்டத்தாரே உணர்ந்திருந்தனர். 1919ஆம் ஆண்டின் இறுதிப் போட்டியில் சூதாடிகளிடம் பணம் பெற்றுத் தோற்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட எட்டு ஆட்டக்காரர்களை, வழக்கு மன்றம் விடுவித்த பின்னும், 1921இல் வாழ்நாள் முழுதும் விலக்கிவைத்தனர். அதே அமைப்பு 2018 நவம்பரில் எம்.ஜி.எம். என்னும் சூதாட்ட விடுதி நிறுவனத்தைத் தன் பங்காளியாக அறிவித்தது. அந்நிறுவனத்தின் பெரும் விடுதி, புதிய அரங்கம் எழும் நாற்சந்தியின் எதிர் முனையில் நிற்கிறது. 2024 ஜூனில், ஆட்டத்தின் மீது பணம் கட்டியதற்காக ஓர் ஆட்டக்காரர் வாழ்நாள் தடை பெற்றார். வேலிக்குள் ஆட்டை விட்டவரே, அது பயிரை மேய்ந்தது என்று அடிக்கிறார்!

இது கடல் கடந்த கதைதானே என்று நம் இல்லத்தார் எண்ண வேண்டாம். பணம் கட்டி ஆடும் செயலி ஒன்றின் பெயர் 2023 முதல் 2025 வரை இந்திய கிரிக்கெட் அணியின் சட்டையிலேயே எழுதப்பட்டிருந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் அத்தகைய இணைய ஆட்டங்களைத் தடை செய்த பின்னரே அது நீங்கியது. அரங்கத்தையும் பகடையையும் பிணைக்கும் கயிறு நம் பிள்ளைகளின் கைபேசி வரை நீண்டிருந்தது.

மைஸிர் என்னும் சொல்லை, எளிமை என்று பொருள்படும் யுஸ்ர் என்னும் வேரிலிருந்து வந்ததாக அறிஞர் சிலர் கூறுவர். உழைப்பின்றி எளிதில் கைக்கு வரும் பொருள் என்பது கருத்து. அம்மாணவரிடம் நாம் கூறியதும் இதுவே: "தம்பி, யாருக்கு எளிதாக வருகிறது என்று மட்டும் பார்க்காதே; யாரிடமிருந்து எளிதாகப் போகிறது என்றும் பார்." அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பின்னர், அவ்வூரில் பள்ளிக்கூடத்து ஆசிரியராக இருக்கும் தம் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.