புதிய ஆண்டிபயாடிக் மருந்துகள்: மண்ணில் தேடல், சந்தையில் தேக்கம்

இன்று பயன்பாட்டிலுள்ள ஆண்டிபயாடிக் மருந்துகளில் பெரும்பாலானவை, மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் சுரக்கும் பொருட்களை அடிப்படையாகக் கொண்டவை. பழைய மருந்துகள் பலனிழந்து வருவதால் விஞ்ஞானிகள் மீண்டும் மண்ணை நோக்கித் திரும்பியுள்ளனர். மாசடைந்த நிலங்களும் இத்தேடலுக்கு விலக்கல்ல. ஆனால் கண்டறியப்படும் மருந்தை நோயாளியிடம் கொண்டு சேர்ப்பது யார் என்ற கேள்வி, மருந்துத் தொழிலின் முக்கிய மையமான சுவிட்சர்லாந்திலேயே எழுந்துள்ளது.

பாசல் தந்த பாடம்

பாசல் நகரின் சாண்டோஸ் நிறுவனம், வெளிநாடு செல்லும் தனது ஊழியர்களை அங்கிருந்து மண் மாதிரிகளைக் கொண்டுவரச் செய்தது. 1969இல் நார்வேயிலிருந்து வந்த மாதிரியில் இருந்த ஒரு பூஞ்சையே, உறுப்பு மாற்றுச் சிகிச்சையை மாற்றியமைத்த சைக்ளோஸ்போரின் மருந்தைத் தந்தது.

மண்ணிலிருந்து மருந்தெடுத்த அதே நகரின் இரசாயனத் தொழில்துறை, தனது கழிவுகளையும் மண்ணிலேயே புதைத்தது. 1961 முதல் 1976 வரை, ஜூரா மாநிலத்தின் பொன்ஃபோல் கிராமத்தில் ஒரு லட்சம் டன்னுக்கும் அதிகமான கழிவு கொட்டப்பட்டது. அதைத் தோண்டி அகற்றும் பணி 2010இல்தான் தொடங்கியது.

மாசும் மருந்தும்

இத்தகைய நஞ்சேறிய இடங்களில் தாக்குப்பிடிக்கும் நுண்ணுயிர்கள், வேறெங்கும் காணப்படாத பொருட்களை உற்பத்தி செய்யக்கூடும் என்பது ஆய்வாளர்களின் எதிர்பார்ப்பு. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், கைவிடப்பட்ட தாமிரச் சுரங்கம் ஒன்றின் அமில நீரில் வாழும் பூஞ்சைகளிலிருந்து, மருந்துகளுக்குக் கட்டுப்படாத ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமியைத் தடுக்கும் பொருள் கிடைத்ததாக 2017இல் அறிவிக்கப்பட்டது.

ஆனால் மாசு மருந்தை மட்டும் தருவதில்லை. மண்ணில் சேரும் உலோகங்களும் மருந்துக் கழிவுகளும், மருந்துகளை எதிர்க்கும் மரபணுக்களைக் கொண்ட கிருமிகளுக்கே சாதகமாக அமைகின்றன. ஹைதராபாத்தை அடுத்த பட்டன்சேருவில், மருந்து ஆலைகளின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையத்திலிருந்து வெளியேறிய நீரில் சிப்ரோஃப்ளாக்சசின் மிக அதிக அளவில் கலந்திருந்ததை 2007இல் வெளியான ஆய்வு காட்டியது. கடைசிக் கட்ட மருந்துகளையும் செயலிழக்கச் செய்யும் என்டிஎம்-1 மரபணுவின் பரவல் குறித்து 2010இல் உலகை எச்சரித்த ஆய்வில், சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமி முதன்மை ஆசிரியராக இருந்தார்.

லாபம் தராத மருந்து

கண்டுபிடிப்புகளுக்குப் பஞ்சமில்லை. சூரிச் தொழில்நுட்ப உயர்கல்வி நிறுவன ஆய்வாளர்கள், சிறு செடியொன்றின் இலைகளில் வாழும் 200க்கும் மேற்பட்ட பாக்டீரியா வகைகளை ஆராய்ந்து, மேக்ரோபிரெவின் என்ற புதிய பொருளை 2018இல் அறிவித்தனர். அதே ஆண்டில், சாண்டோஸும் சிபா-கைகியும் இணைந்து உருவான நோவார்ட்டிஸ் நிறுவனம் ஆண்டிபயாடிக் ஆராய்ச்சியைக் கைவிட்டது.

காரணம் பொருளாதாரமே. புதிய ஆண்டிபயாடிக்கைச் சில நாட்களுக்கு மட்டுமே, அதுவும் வேறு வழியில்லாதபோதே மருத்துவர்கள் தருவார்கள். அப்போதுதான் அதன் வீரியம் நிலைக்கும். மருத்துவத்துக்கு நன்மையான இந்தக் கட்டுப்பாடே விற்பனையை முடக்குகிறது. 2018இல் பிளாசோமைசின் மருந்துக்கு அனுமதி பெற்ற அமெரிக்காவின் அக்கேயோஜென் நிறுவனம், மறு ஆண்டே திவாலானது.

மாற்று முயற்சிகளும் உள்ளன. பாசலின் ரோஷ் நிறுவனம் சோசுரபால்பின் என்ற புதுவகை மருந்தை உருவாக்கி வருகிறது. ஜெனீவாவில் இயங்கும் லாப நோக்கற்ற ஜிஏஆர்டிபி அமைப்பு மருந்துச் சோதனைகளைத் தானே நடத்துகிறது. பிரிட்டன், விற்பனை அளவைப் பொருட்படுத்தாமல் ஆண்டுக் கட்டணம் செலுத்தும் முறையை 2022இல் இரண்டு மருந்துகளுக்குக் கொண்டுவந்தது.

2019இல் மட்டும் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர், மருந்துகளுக்குக் கட்டுப்படாத பாக்டீரியாத் தொற்றுகளால் நேரடியாக உயிரிழந்ததாக லான்செட் ஆய்வு மதிப்பிட்டது. ஆப்பிரிக்காவும் தெற்காசியாவுமே இதில் பெரும் சுமையைச் சுமக்கின்றன. ஒரு கைப்பிடி மண்ணிலிருந்து மருந்தைக் கண்டறியும் அறிவியல் இருக்கிறது. அதற்கு விலை கொடுப்பதையும், அதே மண்ணில் கழிவு சேராமல் தடுப்பதையும் அரசுகள் தம் கடமையாக ஏற்காதவரை, அந்த மருந்து ஆய்வுக்கூடத்தைத் தாண்டி நோயாளியைச் சென்றடைவது கடினமே.