கால்மணிச் சொதி

விஞ்ஞானம் விரைந்து முன்னேறும் இக்காலத்திலே சமையலும் விரைவாக முடிய வேண்டுமென எல்லோரும் விரும்புகின்றனர். பாலும் வெண்ணெயும் இன்றிக் குழைவான கறியொன்றைக் கால்மணி நேரத்தில் ஆக்கலாம் என்று யாரேனும் கூறினால், புதுமை என வியக்கிறோம். விலங்குகளிடமிருந்து பெறும் எதனையும் உண்ணாதோரைக் குறிக்கும் 'வீகன்' என்ற சொல் 1944ஆம் ஆண்டு இங்கிலாந்திலே பிறந்தது. யாழ்ப்பாணத்துக் குசினிகளிலோ அத்தகைய கறி அதற்கு முன்னரே இருந்தது. மாசி போடாத பாற்சொதி வேறென்ன?

அதனை ஆக்குவதில் பெரிய வித்தையில்லை. நாலைந்து பேருக்குப் பாதித் தேங்காய் போதும். கப்பிப்பாலிலே மெல்லிதாய் அரிந்த உருளைக்கிழங்கு, வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை, சிறிது வெந்தயம், மஞ்சள், உப்பு இட்டு அவிய விட வேண்டும். கிழங்கு வெந்ததும் தணலைக் குறைத்து முதற்பாலை ஊற்றி, அகப்பையால் அள்ளி அள்ளி ஆற்ற வேண்டும். நுரைகட்டி வரும்போதே இறக்கிவிட வேண்டும். கொதித்தால் எண்ணெய் பிரிந்து குழைவு போய்விடும். தேசிக்காய்ப் புளி இறக்கிய பின்னரே. அடுப்பில் இருக்கையிலே விட்டால் பால் திரைந்துவிடும். திருநெல்வேலியிலே இதன் உறவான சொதி, பருப்பும் பல காய்களும் சேர்ந்து மறுவீட்டு விருந்துக்கே உரியதாய் இருக்கிறது. நாமோ இடியப்பத்தை நனைக்கும் தண்ணீர் என்று இதனை இகழ்கிறோம்!

2021, 2022ஆம் ஆண்டுகளிலே நம் வீட்டார் பால்மாவுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்றதை நாம் மறக்கவில்லை. அந்நாட்களில் சிறிது விறகிலே ஆகிய கறி இது. ஆயினும் தேங்காய்ப்பால் பசுப்பாலுக்கு ஈடாகாது. அதிலே புரதமும் கல்சியமும் குறைவு. நிறைவுற்ற கொழுப்போ அதிகம். வளரும் பிள்ளைகள் பருப்பும் கீரையும் சேர்த்தே உண்ண வேண்டும். விலங்குணவை முற்றாக விட்டவர்கள் பீ12 உயிர்ச்சத்துக்கு வேறு வழி தேட வேண்டும்.

இனி எமது வழக்குக்கு வருவோம். கால்மணி என்றோமே, அது யாருடைய கடிகாரம்? அடுப்பிலே சட்டி ஏறிய நேரத்திலிருந்து எண்ணிய கணக்கு அது. தேங்காயை உரித்து, உடைத்து, திருவி, மும்முறை பிழிந்து, திருவலையைக் கழுவி வைத்த நேரத்தை எவரும் எண்ணுவதில்லை. அதிகாலையிலே எழுந்து திருவிவிட்டு, எட்டு மணிக்குக் கந்தோரிலே நிற்கும் தாய்மாரை நாம் அறிவோம். வேலையால் வந்ததும் மீண்டும் அதே திருவலை. இதிலே விரைவு எங்கே? உண்போருக்குத்தான் விரைவு.

மாப்பெட்டியிலே வரும் தேங்காய்ப்பாலை வாங்கலாமே எனச் சிலர் கேட்பர். வாங்கலாம்; தவறென்று நாம் சொல்லவில்லை. ஆனால் 2024ஆம் ஆண்டின் இறுதியிலே தேங்காய் விலை ஏறியபோது கப்பிப்பாலை இன்னொரு தடவை பிழிந்த வீடுகளுக்கு அது எட்டுமா? செலவில்லாத வழி வீட்டிலேயே இருக்கிறது. துடுப்பாட்ட மட்டையை நாள் முழுதும் வீசும் அண்ணன்மாரின் கைகளுக்குப் பாதித் தேங்காய் பெரும் பாரமாகாது! தந்தையருக்கும் அப்படியே. சமையல் முழுவதையும் அவர்கள் பழகட்டும். அதுவரை தேங்காயேனும் அவர்கள் பங்காகட்டும். 'ஆம்பிளைப் பிள்ளைக்கு ஏன் குசினி?' என்று கேட்கும் அம்மம்மாமாரிடம் நாம் மரியாதையோடு மாறுபடுகிறோம். ஆலயத் திருவிழாவுக்குக் கிடாரத்திலே சமைப்போர் ஆண்கள்தாமே, அம்மம்மா?

பெற்றோரே, இவ்விடுமுறையிலே ஒரு கிழமைக்கு இதனைச் செய்து பாருங்கள். இடியப்பம் பிழிவது யார் என்ற வழக்கை அடுத்த மலரிலே எடுத்துக்கொள்வோம்.